ஆட்டோமேட்டிக் மட்டும்

சல்த், அக்டோபர் 4

அண்ணா,

போனில் எதுவும் எழுதாதே, யார் கண்ணில் வேண்டுமானாலும் படும் என்று சொல்லிவிட்டுப் போனாய். கூப்பிட்டாலோ, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். சரி, காகிதத்தில் எழுதி உன் கூட்டாளி மிஷாலின் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பிரித்துப் படிக்கிற அளவுக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது. நீ படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று மன்னிப்புக் கேட்கிற ஜாஹா போய்விட்டு வந்தது. நம் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு, அடிபட்டுக் கிடக்கிற அபூ ராக்கான் வீட்டு முற்றத்தில் போய் வரிசையாக உட்கார்ந்தார்களாம். காப்பி வந்ததும் பெரியப்பா அதை வாயில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டாராம். கேட்க வந்தது கிடைத்தால்தான் குடிப்போம் என்று சொல்லி, எழுந்து நின்று பேசினாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினார்.

“எங்க பையன் ஐஹம் ஏத்தத்துல வண்டிய நிறுத்திட்டு ஹேண்ட் பிரேக் போடாம எறங்கிட்டான். வண்டி உருண்டு வந்து, கடை வாசல்ல...” அப்பா இந்த இடத்தில் நிறுத்தினார், பிறகு, “கடை வாசல்ல சும்மா உக்காந்திருந்த உங்க ஆளு இடுப்ப ஒடச்சிடுச்சு. பஸ் ஓட்டிப் பொழைக்கிறவன், இப்படிச் செஞ்சிருக்கவே கூடாது. அவன் பிழை எங்க பிழை” என்று முடித்தார்.

அபூ ராக்கானின் அண்ணன்தான் பதில் சொன்னாராம். “குடிங்க உங்க காப்பிய. ஐஹமுக்கு மன்னிப்பு குடுத்தாச்சு. ஆனா எங்க ஆளு எழுந்து நடக்கிற வரைக்கும் அவன் இந்தத் தெருவுல கண்ணுல படக்கூடாது.”

எல்லோரும் குடித்தார்கள். அம்மா கேட்டுவிட்டு அழுதாள். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். மக்தூஸ் ஊறுகாய்க்கு வாங்கிய அந்தக் கத்தரிக்காய் மூட்டை இன்னும் அங்கேயே கிடந்து அழுகுகிறது. அதைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

அன்றைக்கு என் கார் பட்டறையில் கிடந்தது. உன் பிக்கப்பைக் கேட்டேன். ராத்திரி டிரிப் முடித்துப் படுத்திருந்த நீ கண்ணைத் திறக்காமலே சாவியைத் தூக்கிப் போட்டாய். கியர் வண்டி ஓட்ட எனக்கு லைசென்ஸ் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். சந்தை எவ்வளவு தூரம், யார் கேட்கப் போகிறார்கள் என்று போனேன். வீட்டு வாசலில் நிறுத்தி, மூட்டையை இறக்க உன்னை எழுப்ப உள்ளே ஓடி வந்தேன். அப்புறம் அந்தச் சத்தம். எனக்கு முன்னால் நீ ஓடினாய். நான் இறங்கி வருவதற்குள் கூட்டம் கூடி, நீ “நான்தான், நான்தான்” என்று சொல்லி முடித்திருந்தாய்.

அண்ணா, நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன் என்றுதான் என் கை சொல்கிறது. அந்தக் கடகட சத்தம்கூடக் காதில் இருக்கிறது. ஆனால் போலீஸ் எட்டிப் பார்த்தபோது அது கீழேதான் கிடந்தது, நானே பார்த்தேன். என் கையையே நம்ப முடியவில்லை என்றால் வேறு எதை நம்புவது?

எனக்காக நீ வெளியூரில் கிடக்கிறாய். சோறு தொண்டையில் இறங்கவில்லை. நான் போய்ச் சொல்லிவிடட்டுமா?

தஹானி


அகபா, அக்டோபர் 9

தங்கச்சி மகாராணிக்கு,

சோறு இறங்கவில்லையாம். அம்மா சொன்னாள், நேற்று மட்டும் மூன்று ரொட்டி இறங்கியிருக்கிறது. எனக்குக் காதில் பூ சுற்றாதே.

நீ போய்ச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? உன் லைசென்ஸில் ‘ஆட்டோமேட்டிக் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீ கியர் வண்டி ஓட்டினாய் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். அபூ ராக்கானின் ஆபரேஷன், நடைப் பயிற்சி எல்லாம் பாதியில் நிற்கும். உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அந்த மனிதன் கட்டிலில் கிடக்க வேண்டுமா? தவிர, பெரியப்பா இத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று சொன்ன வார்த்தை பொய்யாகிவிடும். அவர் தாங்க மாட்டார்.

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். மீன் கடைகளுக்கு ஐஸ் பெட்டி தூக்குகிறேன். சூடு என்றால் அப்படி ஒரு சூடு, அதனால் ஐஸ் தூக்குகிறவனைப் பார்த்து எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள். பஸ் முதலாளி போன் பண்ணினார். ஹேண்ட் பிரேக்கை மறக்கிறவனை நம்பி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்ற முடியாது என்றார். சரிதானே, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

உனக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால் ஒன்று செய். முறையாகப் போய்ப் பழகி, கியர் லைசென்ஸாக மாற்றிக்கொள். அந்த வரி அழிந்துவிட்டால் உன் மனசிலிருந்தும் அழிந்துவிடும். கத்தரிக்காயைத் தூக்கிக் குப்பையில் போடு, நாறப் போகிறது.

ஐஹம்


சல்த், நவம்பர் 1

அண்ணா,

நீ சொன்ன மாதிரியே பழகப் போகிறேன். சொல்லித் தருகிறவள் உம்மு ஹைஸம் என்று ஒருத்தி. வாயில் பல்லுக்குப் பதில் ஊசி வைத்திருக்கிறாள். முதல் நாள் வண்டி குதித்துக் குதித்து மூன்று தடவை நின்றது.

“ஏண்டி, அது கிளட்சு. கரப்பான்பூச்சி இல்ல. எதுக்கு அப்படி மிதிக்கிற?”

“கால் பழகலை, அத்தை.”

“எப்படிப் பழகும்? ஆறு வருஷமா எடது காலுக்கு லீவு குடுத்துட்டு, இன்னைக்குத் திடீர்னு வேலைக்கு வான்னா அது கோவிச்சுக்காதா?”

நானும் சிரித்துவிட்டேன். விபத்துக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்ததற்காக வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்தேன். என் கையில் அடித்தாள்.

“எறங்கு பாக்கலாம், எறங்கு! ஏத்தத்துல முதல் கியர்ல விட்டுட்டுத்தான் எறங்கணும். ஆட்டோமேட்டிக்காரிங்க எல்லாரும் இதையேதான் செய்றீங்க. குச்சியத் தள்ளினா வண்டி தானா பூட்டிக்கும்னு நெனப்பு. இது பூட்டிக்காது, உருளும். சல்த் மாதிரி மலை ஊர்ல இருந்துக்கிட்டு ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பினா, எவன் தலையிலயாவதுதான் போய் நிக்கும்.”

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் பாவம், வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கும் அதையேதான் செய்திருக்கிறேன். ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை, கியரிலும் விடவில்லை. அந்த வண்டி உருளாமல் வேறு என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவோடு அபூ ராக்கான் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறேன். அவரைக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். போன வாரம் அவர் மனைவி உம்மு ராக்கான் டீயைக் கலக்கிக்கொண்டே, “நம்ம ஐஹமா இப்படின்னு இன்னும் நம்ப முடியல. எம் பிள்ளைங்கள நாலு வருஷம் அவன் பஸ்ஸுலதான் அனுப்பினேன்” என்றாள். அபூ ராக்கான் கூரையைப் பார்த்துக்கொண்டு, “ஹேண்ட் பிரேக் போடத் தெரியாதவன் கையிலயா குடுத்து வச்சிருந்தோம்னு நெனச்சா இப்பவும் ஒடம்பு நடுங்குது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ மனசுல வச்சுக்காதம்மா. அவன் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ? வாரா வாரம் வர்ற, நல்ல பொண்ணு” என்றார்.

டீயை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். இதற்கு மேல் என்னால் முடியாது. நவம்பர் 11 எனக்குப் பரீட்சை. தேறினாலும் தோற்றாலும் மறுநாள் அவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். இன்ஷூரன்ஸ்காரன் கை விரித்தால் என் காரை விற்கிறேன், வளையலை விற்கிறேன். என் அண்ணனைப் போல் ஒருவன் இந்த ஊரிலேயே கிடையாது. அவனைத் தெருவே வாய்க்கு வந்தபடி பேச, நான் நல்ல பொண்ணு என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தஹானி


அகபா, நவம்பர் 5

தஹானி,

வேண்டாம். காலில் விழுகிறேன், வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ என்னைப் புகழ்ந்து எழுதுகிறாயே, அதைப் படிக்கும்போது யாரோ சட்டைக்குள் நெருப்பைப் போட்டது மாதிரி இருக்கிறது. அதனால் சொல்கிறேன். நீ ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய். உன் கை பொய் சொல்லவில்லை.

பிக்கப்பின் பிரேக் கேபிள் ரமலானிலேயே அறுந்து போயிற்று. இழுத்தால் சத்தம் மட்டும் வரும், பிடிக்காது. இன்றைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிப் போட்டேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு கல் வைத்திருந்தேன், நிறுத்தும்போதெல்லாம் டயருக்கு முட்டுக் கொடுத்துவிடுவேன். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அன்றைக்குச் சாவியைத் தூக்கிப் போட்டபோது கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தூக்கம். சொல்லவில்லை.

சத்தம் கேட்டு ஓடியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நீ இழுத்தபடியே பிரேக் மேலே நின்றது. அதைக் கீழே இறக்கிவிட்டேன். மேலேயே இருந்தால் போலீஸ் வண்டியைச் சோதிப்பான், கேபிள் அறுந்தது தெரியும். பிரேக் போட மறந்தவன் அஜாக்கிரதைக்காரன். பிரேக் இல்லாத வண்டியைத் தெரிந்தே தெருவில் விட்டவனுக்கு வேறு பெயர். என்னுடைய பஸ் லைசென்ஸைப் பிடுங்கி, ஆயுசுக்கும் தர மாட்டார்கள். நான்தான் ஓட்டினேன் என்று அப்புறம்தான் கத்தினேன். உன்னைக் காப்பாற்றத்தான் என்று அப்போது எனக்கே தோன்றியது. இங்கே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

போலீஸ்காரர்கள் பிக்கப்பைத் திருப்பித் தந்த அன்றே கேபிளை மாற்றிவிட்டேன்.

இப்போது நீ போய்ச் சொன்னால் அவர்கள் ஆரம்பத்திலிருந்து கிண்டுவார்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். வாயை மட்டும் திறக்காதே.

ஐஹம்


சல்த், நவம்பர் 13

ஐஹம்,

இனிமேல் அண்ணா என்று எழுத வருமா என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் என் கையை நான் சந்தேகப்பட்டேன். தூங்கி எழுந்ததும் கையைப் பார்ப்பேன், இழுத்தாயா இல்லையா என்று கேட்பேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தேன், நீயும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாய்.

பரீட்சையில் தேறிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்த போலீஸ்காரர் ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். முதல் கியரில் விட்டு, பிரேக்கை இழுத்து, அப்புறமும் காலை எடுக்க மனசு வராமல் உட்கார்ந்திருந்தேன். “போதும்மா, வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு” என்று சிரித்தார். புது லைசென்ஸில் அந்த வரி இல்லை. நீ எழுதிய மாதிரி மனசிலிருந்து எதுவும் அழியவில்லை. அன்றைக்கு ஓட்டியவளிடம் இந்த லைசென்ஸ் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று அபூ ராக்கான் வீட்டுக்குத் தனியாகப் போனேன். உம்மு ராக்கானையும் கூடத்தில் உட்காரச் சொல்லி, வண்டி ஓட்டினது நான், எனக்கு அதை ஓட்ட லைசென்ஸ் இல்லை, நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கிப் போனது நான் என்று சொன்னேன். உம்மு ராக்கான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“வெள்ளிக்கிழமையெல்லாம் சோறு கொண்டு வந்தியே, எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?” என்றார் அபூ ராக்கான்.

நான் வளையலைத் திருகிக்கொண்டிருந்தேன், அவரே மேலே பேசினார்.

“உங்க பெரியப்பா காப்பியக் கீழ வச்சுட்டு, ஐஹம்னு பேர் சொல்லிக் கேட்டாரு. எங்கண்ணன் என்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் குடுத்தான். ஐஹமுக்குக் குடுத்தேன். குடுத்தத நான் திருப்பி வாங்குறவன் இல்ல. உனக்குன்னு யாரும் கேட்டு வரல, நானும் ஒண்ணும் குடுக்கல.”

“புரியுது.”

“அவன் வரட்டும். தங்கச்சிக்காகப் பழிய ஏத்துக்கிட்டிருக்கான், அவன வெளியூர்ல போட்டு வச்சது என் பாவம். நீ போ. நான் எழுந்து நடக்கிற வரைக்கும் இந்தத் தெருவுல உன்னப் பாக்கக் கூடாது.”

இன்ஷூரன்ஸ்காரன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பான். இனிமேல் வைத்தியச் செலவும் நம்முடையது. என் கார் போகிறது, வளையலும் போகிறது. பெரியப்பா என்னோடு பேசவில்லை. அப்பா பேசுகிறார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நான் மாதபாவில் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஒரு மருந்துக் கடையில் ஆள் கேட்டிருக்கிறார்கள்.

கேபிளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயப்படாதே. உனக்கு இரக்கப்பட்டு விட்டுவிடவில்லை. நான் செய்ததைச் சொல்லத்தான் போனேன், நீ செய்ததைச் சொல்ல அல்ல.

தஹானி


சல்த், டிசம்பர் 10

தஹானி,

நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ போனையும் எடுப்பதில்லை, அதனால் இப்போது நான் மிஷாலின் காலைப் பிடிக்கிறேன்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அபூ ராக்கானின் அண்ணனே வந்து நின்றார். தெருவில் எல்லோரும் பார்க்க என் நெற்றியில் முத்தம் வைத்தார். “இப்படி ஒரு அண்ணன் எந்த வீட்டுல இருக்கான்?” என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ, “இவன் மாதிரி ஒருத்தன் நம்ம வீட்டுலயும் இருந்தா நல்லாத்தான் இருக்கும், இருக்கிறதெல்லாம் தூங்குமூஞ்சிங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முடி வெட்டப் போனால் கடைக்காரன் காசு வாங்க மாட்டேன் என்கிறான். பஸ் முதலாளி வீடு தேடி வந்து சாவியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அபூ ராக்கானின் கடைசிப் பெண், காலையில் என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். மாமா, எங்கப்பா நேத்து ஜன்னல் வரைக்கும் நடந்தாரு என்று சொல்கிறாள்.

உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மனுஷனை முடக்கினவள், அண்ணனை மாட்டிவிட்டவள் என்று ஒரு வார்த்தை. அம்மா கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். நான் அந்த இடத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்கிறேன்.

மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உள்ளே போனால் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். அகபாவில் மீன் என்ன விலை என்று கேட்கிறார். நான் விலை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். சொன்னால் இந்தச் சாவி போய்விடும். எனக்கு வேறு தொழில் தெரியாது, தஹானி. ஐஸ் தூக்கித் தூக்கி முதுகு இன்னும் வலிக்கிறது.

நீ ஒரு வார்த்தை எழுது. சொல்லிவிடு என்று நீ எழுதினால் மறுநாளே போய்ச் சொல்லிவிடுகிறேன், சத்தியம். வேண்டாம், குடும்பம் பட்டது போதும் என்று எழுதினாலும் சரி, அப்படியே இருந்துவிடுகிறேன். நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். காயம் பட்டவள் நீ, அதனால் நீதான் சொல்ல வேண்டும்.

ஐஹம்


மாதபா, டிசம்பர் 14

ஐஹம்,

காயம் பட்டது நான் இல்லை, அபூ ராக்கான்.

சொல் என்று எழுத மாட்டேன். நான் எழுதி நீ சொன்னால், நாளைக்கு அந்தச் சாவி போனதற்கும் காரணம் நான்தான் என்று உனக்குள் ஒரு மூலையில் வைத்திருப்பாய். சொல்லாதே என்றும் எழுத மாட்டேன். எழுதினால் வாழ்நாள் முழுக்க என் பேச்சைக் கேட்டுத்தான் சும்மா இருந்தேன் என்று நிம்மதியாகத் தூங்குவாய். இரண்டையும் நான் தர மாட்டேன்.

நான் சொல்லப் போனபோது எனக்கு யாரும் போ என்று எழுதவில்லை. நீ எழுதியது வேண்டாம் என்றுதான்.

அந்தச் சின்னப் பெண் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் அப்பா உன்னை நம்பி அனுப்புகிறார். நீ எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு அனுப்புகிறாரா என்பதை மட்டும் தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்க்கும்போது யோசி.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பி வை. அவளைக் கூட்டிக்கொண்டு நீ வர வேண்டாம்.

தஹானி